உரோமாபுரிக் காசுகள் சொன்னதும் சொல்லாததும்

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

செய்தித்தாள் இல்லை, வானொலி இல்லை, தொலைக்காட்சி இல்லை. பிரிட்டன் தீவு முதல் எகிப்து நாடு வரை பரந்து கிடந்த ஒரு பேரரசில், தலைநகரில் அரியணை ஏறியவர் யார், அவர் முகம் எப்படியிருக்கும், அவர் என்ன செய்து முடித்தார் என்பதையெல்லாம் ஒரு மீன்காரியும் ஒரு கழுதையோட்டியும் எங்ஙனம் அறிந்துகொள்வர்? உரோமப் பேரரசர்கள் இதற்குக் கண்ட வழி எளியது. வாங்கினாலும் விற்றாலும் எல்லார் கைக்கும் வந்தே தீரும் ஒரு பொருளின் மேல் தம் முகத்தையும் தம் செய்தியையும் பொறித்துவிட்டனர். அப்பொருள்தான் காசு.

பொன் நாணயமும் வெள்ளி நாணயமும் பெரும்பாலும் செல்வர், வணிகர், படைவீரர் ஆகியோரிடம் புழங்கியவை. அங்காடியில் நாள்தோறும் கைமாறியவை செம்பாலும் செம்பின் கலவைகளாலும் ஆன காசுகளே. இவற்றுள் பெரியதாகிய செஸ்தெர்சியுஸ் ஏறத்தாழ 25 கிராம் எடையும் 3 சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட அகலமும் உடையது. ஒரு சிறு படம் வரைய இந்த இடம் தாராளம். ஆகவே உரோமர் நாணயங்களில் மிக அழகிய படங்களைப் பொன்னில் அன்று, இந்த மலிவான காசுகளில்தான் காண்கிறோம். பொற்காசைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள். நாம் செப்புக்காசோடு நிற்போம்.

கணக்கை முதலில் முடித்துவிடுவோம். அகஸ்துஸ் பேரரசர் காலத்திலிருந்து வழங்கிய முறைப்படி, 4 குவாத்ரான்ஸ் சேர்ந்தால் 1 ஆஸ். 4 ஆஸ் சேர்ந்தால் 1 செஸ்தெர்சியுஸ். 4 செஸ்தெர்சியுஸ் சேர்ந்தால் 1 வெள்ளித் தெனாரியம். இடையே 2 ஆஸ் மதிப்புள்ள துபோந்தியுஸ் என்னும் காசும் உண்டு. எல்லாவற்றையும் ‘வெண்கலக் காசு’ என்று சொல்வது வழக்கமாயினும், ஆஸும் குவாத்ரான்ஸும் செம்பு. செஸ்தெர்சியுஸும் துபோந்தியுஸும் செம்போடு துத்தநாகம் கலந்த பித்தளை. புதிதாக அடித்தபோது முன்னவை செக்கச்செவேலென்றும் பின்னவை பொன்னிறமாகவும் பளபளத்திருக்கும். இன்று களிம்பேறிப் பச்சையும் கறுப்புமாகக் கிடப்பதால் நமக்கு வேறுபாடு தெரிவதில்லை.

இந்தக் கணக்கு வறண்டது என்று எண்ண வேண்டா. நற்செய்தி நூலை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் இதில் உயிர் வருகிறது. திராட்சைத் தோட்ட வேலையாள்களின் உவமையில் ஒரு நாள் கூலி ஒரு தெனாரியம். அதாவது 16 ஆஸ். இரண்டு குருவிகள் ஒரு காசுக்கு விற்கப்படுவதாக மத்தேயு நற்செய்தியில் வருகிறதே, அக்காசு இந்த ஆஸ்தான். ஆலய உண்டியலில் ஏழைக் கைம்பெண் போட்ட இரண்டு சிறு காசுகள் யூத நாட்டில் வழங்கியவை. அவ்விரண்டும் சேர்ந்தால் ஒரு குவாத்ரான்ஸ் என்று உரோமர்க்கும் விளங்கும்படி மாற்கு நமக்குக் கணக்குச் சொல்லிவிடுகிறார். ஒரு தெனாரியத்துக்கு 64 குவாத்ரான்ஸ். ஆகவே அந்த அம்மாள் தன்னிடமிருந்த எல்லாவற்றையும் போட்டாள் என்றால், அது ஒரு நாள் கூலியில் 64இல் ஒரு பங்கு! இதனை வகுப்பில் கரும்பலகையில் வகுத்துப் பார்த்தபோது எங்களில் ஒருவரும் பேசவில்லை. இன்னொன்றும் கவனித்தோம். குவாத்ரான்ஸ் காசில் பெரும்பாலும் பேரரசர் முகம் இருப்பதில்லை. கிளாவுதியுஸ் வெளியிட்ட ஒன்றில் தானியம் அளக்கும் மரக்கால் மட்டும் இருக்கிறது. மற்றொன்றில் தராசு பிடித்த ஒரு கை. ஏழையின் காசுக்குத் தம் முகம் வேண்டாம் என்று விட்டுவிட்டனர் போலும்.

உரோமர் தொடக்கத்தில் காசே அடிக்கவில்லை. செம்புக் கட்டிகளை நிறுத்துக் கொடுத்து வாங்கினர். பிறகு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ எடையுள்ள செவ்வகப் பாளங்களில் மாடு, பன்றி, யானை போன்ற உருவங்களை வார்த்தனர். பணத்துக்கு இலத்தீனில் ‘பெக்கூனியா’ என்று பெயர். ‘பெக்குஸ்’ என்றால் கால்நடை. தமிழிலும் ‘மாடு’ என்னும் சொல்லுக்குச் செல்வம் என்ற பொருள் உண்டன்றோ! கல்வி அதிகாரத்தின் கடைசிக் குறளைப் படித்த எவருக்கும் இது புதிதன்று.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வட்டக் காசுகளை அச்சில் வார்க்கத் தொடங்கினர். அக்கால ஆஸ் ஒன்று 250 கிராமுக்கு மேல் எடையுள்ளது. பத்துக் காசு கொண்டுபோக வேண்டுமானால் கூடைதான் வேண்டும். அதன் முன்பக்கத்தில் முன்னும் பின்னும் நோக்கும் இரட்டை முகத் தெய்வமாகிய யானுஸ். பின்பக்கத்தில் போர்க்கப்பலின் முன்முனை. ஆஸின் பகுதிகளாகிய சிறு காசுகளில் வேறு தெய்வங்களின் தலைகளும், கூடவே புள்ளிகளும் இருக்கும். நான்கு புள்ளி என்றால் ஆஸில் மூன்றில் ஒரு பங்கு, மூன்று புள்ளி என்றால் கால் பங்கு, ஒரு புள்ளி என்றால் பன்னிரண்டில் ஒரு பங்கு. எழுத்தறியாதவரும் விரலால் தடவியே மதிப்பை அறியலாம். உரோமச் சிறுவர்கள் காசைச் சுண்டிவிட்டுத் ‘தலையா, கப்பலா?’ என்று கேட்டு விளையாடினர். கப்பல் படம் காசிலிருந்து போய்ப் பல நூற்றாண்டுகள் ஆன பின்பும் பிள்ளைகள் அப்படியே கேட்டுக்கொண்டிருந்தனர் என்று 5ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் மக்ரோபியுஸ் எழுதியிருக்கிறார். நம் ‘பூவா, தலையா’வும் இந்த வகைதானே!

பிற்காலக் காசுகள் வார்த்தவை அல்ல, அடித்தவை. கம்மியர் இரண்டு உலோக அச்சுகளில் படத்தைக் குழியாகவும் இடவலம் மாற்றியும் வெட்டுவர். ஓர் அச்சு பட்டடையில் பதிந்திருக்கும். காய்ச்சிய வட்டத் தகட்டை அதன்மேல் வைத்து, மற்றோர் அச்சை மேலே பிடித்துச் சம்மட்டியால் ஓங்கி அடித்தால் இரு பக்கமும் படம் விழுந்துவிடும். அடி சற்று விலகினால் படமும் விலகிவிடும். அதனால்தான் பல காசுகளில் எழுத்துகள் பாதி வெட்டுண்டு நிற்கின்றன. உரோமாபுரியின் பழைய நாணயச்சாலை யூனோ மொனேத்தா என்னும் பெண் தெய்வத்தின் கோயிலை ஒட்டி இருந்தது. பணத்தைக் குறிக்கும் ‘மணி’ என்ற ஆங்கிலச் சொல் இந்த ‘மொனேத்தா’விலிருந்து பிறந்ததே.

இனி ஒரு காசைக் கையில் எடுத்தால் எப்படிப் படிப்பது என்று பார்ப்போம். முன்பக்கத்தில் தலையுருவம், அதைச் சுற்றிப் பெயரும் பட்டங்களும். தலையில் வாகை மாலை இருக்கிறதா, கதிர்கள் நீட்டிய முடி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீரோ காலம் முதல் கதிர்முடி பெரும்பாலும் துபோந்தியுஸுக்கு அடையாளம். பின்பக்கத்தில் படம், அதன் இருபுறமும் ‘எஸ்’, ‘சி’ என்னும் இரண்டு பெரிய எழுத்துகள். செனட் சபையின் தீர்மானப்படி என்பது அவற்றின் பொருள்.

பின்பக்கத்துப் படங்களில் நின்றுகொண்டிருப்போர் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் உண்மைப் பெண்கள் அல்லர். அமைதி, ஒற்றுமை, நம்பிக்கை, நலம் முதலிய பண்புகளை உரோமர் பெண்ணுருவாக வடித்தனர். அவர்களைக் கையிலுள்ள பொருளால் இனம் காண வேண்டும். திறவுகோல் பிடித்திருந்தால் புனித இராயப்பர், லீலி மலரும் பாலன் இயேசுவும் இருந்தால் புனித அந்தோனியார், வீணை இருந்தால் கலைமகள் என்று நாம் கண்டுகொள்வதில்லையா? அதுபோலவே ஒலிவக் கிளை ஏந்தியவள் அமைதி. கப்பலின் சுக்கான் பிடித்தவள் நல்லூழ். பாம்புக்குக் கிண்ணத்தில் உணவூட்டுபவள் உடல்நலம். தராசும் கனிகள் நிரம்பிய கொம்பும் உடையவள் நேர்மை. ஒரு கையில் மலரும் மறு கையில் சற்றே தூக்கிப் பிடித்த ஆடை விளிம்புமாக விரைந்து நடப்பவள் எதிர்நோக்கு. எங்கள் வகுப்பில் பலருக்கும் பிடித்தவள் இவளே. எங்கோ புறப்பட்டுவிட்டவள் போல இருக்கிறாள்.

படத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டவுடன் வேறொரு கேள்வி எழுகிறது. படம் சொல்வது மெய்தானா?

காலிகுலா கி.பி. 37இல் பட்டத்துக்கு வந்ததும் ஒரு செஸ்தெர்சியுஸ் வெளியிட்டான். முன்பக்கம் அவன் முகம். பின்பக்கம் அவனுடைய மூன்று சகோதரிகள் வரிசையாக நிற்கின்றனர். தலைமாட்டில் அக்ரிப்பினா, துருசில்லா, யூலியா என்று பெயர்களும் உள்ளன. உயிரோடிருந்த அரச குலப் பெண்களைப் பெயரும் உருவமுமாக இப்படி முழுமையாகக் காட்டிய காசு உரோமாபுரியில் அதற்கு முன் வந்ததில்லை. தூணில் சாய்ந்து நிற்கும் அக்ரிப்பினா பாதுகாப்பு. கிண்ணம் ஏந்திய துருசில்லா ஒற்றுமை. சுக்கான் பிடித்த யூலியா நல்லூழ். முதன்முறை இதன் படத்தைப் பார்த்தபோது, தங்கைகளிடம் எத்துணை அன்பு என்று நாங்கள் வியந்தோம். பிறகு வரலாற்றைப் புரட்டினோம். துருசில்லா 38இல் இறந்துபோனாள். 39இல் மற்ற இருவரையும் சதி செய்ததாகக் குற்றஞ்சாட்டித் தீவுகளுக்கு நாடு கடத்தினான் அண்ணன். ‘பாதுகாப்பு’க்குப் பாதுகாப்பில்லை, ‘நல்லூழ்’ ஊழ்வினைப்பட்டாள். 41இல் அவனே கொலையுண்டான். 43இல் அவன் முகம் பொறித்த வெண்கலக் காசுகளையெல்லாம் உருக்கிவிடுமாறு செனட் சபை ஆணையிட்டது. உருக்கிய உலோகத்தில் அடுத்த பேரரசரின் மனைவி ஒரு கூத்தாடிக்குச் சிலைகள் செய்வித்தாளாம்! ஆணை முழுதும் நிறைவேறவில்லை என்பது நம் நற்பேறு. அக்காசுகள் இன்றும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

நீரோவின் காசு இன்னும் வேடிக்கையானது. யானுஸ் தெய்வத்தின் கோயிற்கதவுகள் போர்க்காலத்தில் திறந்திருக்கும். எங்கும் போர் இல்லையென்றால்தான் மூடுவர். கி.பி. 65ஐ ஒட்டி நீரோ வெளியிட்ட காசுகளில் அக்கோயில் மூடிய கதவோடு காட்சியளிக்கிறது. கதவின் மேல் தொங்கும் மாலை கூடத் தெரிகிறது. தரையிலும் கடலிலும் உரோம மக்களுக்கு அமைதி வந்தது, ஆகவே கதவை மூடினார் என்பது சுற்றெழுத்து. 66இல் யூத நாட்டில் பெரும் கிளர்ச்சி மூண்டது. 68இல் நீரோ தற்கொலை செய்துகொண்டான். 69ஆம் ஆண்டு ஒன்றிலேயே நான்கு பேரரசர்களைக் கண்டது உரோமாபுரி. அவர்களுள் விதேல்லியுஸ் பெயரில் வந்த காசுகளில் கைகோத்த இரு கரங்களும் ‘படைகளின் விசுவாசம்’ என்ற சொற்களும் உள்ளன! படைகள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து ஒன்றையொன்று வெட்டிக்கொண்டிருந்த ஆண்டு அது.

காசில் எது உரத்துச் சொல்லப்படுகிறதோ அதுவே அந்நாளில் குறைவாக இருந்தது என்று எங்களில் ஒரு சாரார் வாதித்தனர். அது முழுதும் பொருந்தாது என்று மற்றவர்கள் மறுத்தனர். மறுத்தவர்களுக்குத் துணை நின்றவை இரண்டு காசுகள்.

ஒன்று, நெர்வா என்னும் முதியவர் 97இல் வெளியிட்டது. அரசாங்கத் தூதர்கள் செல்லும் வண்டிகளுக்குக் கோவேறு கழுதைகளும் தீனியும் கொடுத்து மாளாமல் இத்தாலிய ஊரார் வாடினர். அச்சுமையை நெர்வா நீக்கினார். காசின் பின்பக்கத்தில் பேரரசரும் இல்லை, தெய்வமும் இல்லை. அவிழ்த்துவிட்ட இரண்டு கோவேறு கழுதைகள் ஆளுக்கொரு பக்கம் திரும்பி மேய்கின்றன. பின்னால் வண்டி சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. எங்களைக் கேட்டால் உரோமர் காசுகளில் இதுவே முதற்பரிசுக்கு உரியது. மற்றொன்று ஹேட்ரியனுடையது. 118இல் மக்கள் அரசுக்குத் தர வேண்டியிருந்த பழைய பாக்கி 90 கோடி செஸ்தெர்சியுஸை அவர் தள்ளுபடி செய்து, கடன் ஏடுகளை மக்கள் கண்முன்னே கொளுத்தினார். காசில் ஓர் ஏவலன் தீப்பந்தத்தால் ஏட்டுக் குவியலுக்குத் தீ வைக்கிறான். தொகையும் சுற்றெழுத்தில் அப்படியே இருக்கிறது.

மெய்யையே சொல்லி நெஞ்சைச் சுடும் காசும் உண்டு. எருசலேம் 70இல் தீக்கிரையானது. மறு ஆண்டே வெஸ்பாசியன் வெளியிட்ட செஸ்தெர்சியுஸில் நடுவே ஒரு பேரீச்சை மரம். ஒருபுறம் கைகள் பின்னால் கட்டப்பட்ட ஆடவன். மறுபுறம் தலையைக் கையில் தாங்கித் தரையில் அமர்ந்து அழும் பெண். ‘யூதேயா கைப்பற்றப்பட்டது’ என்பது வாசகம். அந்தப் பெண்தான் யூதேயா. வென்றவர்கள் பெருமைக்காக அடித்த காசு இது. ஆயினும் இன்று பார்ப்பவர் கண்கள் வென்றவர் முகத்தில் நிற்பதில்லை, அவள்மேல்தான் நிற்கின்றன.

செப்டிமியுஸ் செவருஸ் 211இல் இறந்தபோது அவர் மக்கள் காரகல்லா, கெத்தா இருவரும் கூட்டாக ஆட்சிக்கு வந்தனர். ஒருவரையொருவர் காணவும் பொறாதவர்கள். காசிலோ இருவரும் கைகுலுக்கி நிற்கின்றனர். ‘பேரரசர்களின் ஒற்றுமை’ என்று எழுதியிருக்கிறது. அவ்வாண்டு முடிவதற்குள் காரகல்லா தம்பியைக் கொல்வித்தான். கெத்தா தாய் யூலியா தொம்னாவின் மடியிலேயே உயிர்விட்டான் என்றும், மகனுக்காக அழவும் அவளுக்கு அனுமதி இல்லை என்றும் அக்கால வரலாற்றாசிரியர் காசியுஸ் தியோ எழுதியிருக்கிறார். கெத்தாவின் பெயரும் உருவமும் எங்கும் அழிக்கப்பட்டன. சிறிய ஆசியாவில் பெர்காமும், ஸ்திராத்தோனிக்கேயா நகரங்களின் பெரிய வெண்கலக் காசுகளில் அண்ணன் முகத்தை விட்டுவிட்டுத் தம்பி முகத்தை மட்டும் உளியால் செதுக்கி எடுத்திருக்கின்றனர். அந்த இடம் வழுவழுப்பாக, ஆளில்லாத நாற்காலி போல இருக்கிறது. தாயின் முகம் பொறித்த காசுகள் அதன் பின்னும் வந்துகொண்டேயிருந்தன. அவற்றில் அலை அலையாக வாரிய கூந்தலோடு, எந்த மாற்றமும் இன்றி, அமைதியாக இருக்கிறாள் யூலியா தொம்னா.

கொன்ஸ்தந்தீன் காலத்துக்கு வரும்போது வெண்கலக் காசுகள் சிறுத்துவிட்டன. 312இல் மில்வியன் பாலப் போரில் வென்று, 313இல் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை அளித்தவர் அவர். அப்படியானால் 313 முதல் காசுகளில் சிலுவை இருக்கும் என்றே நாம் எதிர்பார்ப்போம். இல்லை. இன்னும் சில ஆண்டுகளுக்கு அவர் காசுகளில் கதிர்முடி சூடிய சூரியதேவன்தான் நின்றான். பழக்கம் அவ்வளவு விரைவில் காசை விட்டு இறங்கவில்லை. 327இல் கொன்ஸ்தாந்திநோபிளில் அடித்த மிக அரிய ஒரு சிறு காசில்தான், கிறிஸ்துவின் பெயரெழுத்துகளை உச்சியில் தாங்கிய கொடிக்கம்பு ஒரு பாம்பைக் குத்தி நிற்பதைக் காண்கிறோம்.

அக்காலத்துக் காசுகளில் இரு பெண்கள் முகம் அடிக்கடி வருகிறது. ஒருவர் பேரரசரின் தாய் புனித ஹெலேனா. முத்துமாலையும் தலையணியும் அணிந்த பெருமாட்டியாக முன்பக்கத்தில் இருக்கிறார். பின்பக்கத்தில் கிளை ஏந்திய பெண், ‘நாட்டின் பாதுகாப்பு’. சுரூபங்களில் சிலுவையோடு அவரைப் பார்த்துப் பழகிய நமக்கு, அவர் வாழ்ந்த நாளிலேயே வெட்டிய இந்த முகம் வியப்பளிக்கிறது. மற்றொருவர் மனைவி பவுஸ்தா. அவர் காசின் பின்பக்கத்தில் ஒரு தாய் இரு குழந்தைகளை மார்போடு அணைத்து நிற்கிறாள். ‘நாட்டின் நலம்’ என்பது ஒன்றின் வாசகம், ‘நாட்டின் நம்பிக்கை’ என்பது மற்றொன்றின் வாசகம். 326இல் கொன்ஸ்தந்தீன் முதலில் தம் மூத்த மகன் கிறிஸ்புஸைக் கொல்வித்தார். பிறகு பவுஸ்தாவும் கொல்லப்பட்டார். அத்துடன் அந்தத் தாயும் பிள்ளைகளும் காசிலிருந்து மறைந்துவிட்டனர். வகுப்பில் இதைப் பேசியபோது, முதல் கிறிஸ்தவப் பேரரசரைப் பற்றி இதை எழுதலாமா என்று ஒருத்தி கேட்டாள். நடந்ததுதானே என்றாள் இன்னொருத்தி. எழுதிவிட்டோம்.

உரோமக் காசுகள் கடல் கடந்து தமிழ்நாட்டுக்கும் வந்தன. கொங்கு நாட்டில் பொன்னும் வெள்ளியுமாக நிறையக் கிடைத்திருக்கின்றன. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 பொற்காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்தின் குறுக்கே வெட்டு விழுந்திருக்கிறது. பிற்காலத்துச் சிறு செப்புக்காசுகளோ கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலும், மதுரையிலும், திருக்கோவிலூரிலும் கிடைத்தன. இலங்கையிலும் ஏராளம். நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி இவற்றை ஆராய்ந்து 2007இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். தியடோசியுஸ், அவர் மக்கள் ஆர்க்காடியுஸ், ஒனோரியுஸ் ஆகியோர் காலத்துக் காசுகள் இவற்றுள் மிகுதி. விரல் நகத்தளவே உள்ளவை பல. அக்காலத்தில் மிகப் பரவலாக அடித்த ஒரு வகையில், சிறகுள்ள வெற்றித் தேவதை கைதி ஒருவனை இழுத்துச் செல்கிறாள். பக்கத்தில் கிறிஸ்துவின் பெயரெழுத்து.

கரூர்ச் சந்தையில் அதைக் கைமாற்றியவர்களுக்கு இலத்தீன் தெரிந்திருக்க நியாயமில்லை. பேரரசர் பெயரும் வெற்றியும் அவர்களுக்கு என்ன? செம்பு என்று கண்டு, எடையைக் கையில் பார்த்து, சில்லறையாக வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டிருப்பார்கள் என்றே நினைக்கிறோம். ஆற்று மணலில் அகப்பட்ட பல காசுகளில் எழுத்து முழுதும் தேய்ந்து, ஒரு சிறகும் ஒரு காலும் மட்டும் எஞ்சியிருக்கின்றன.